உப்பளக் கரையின் அமைதி

அமைதியான சிற்றூர் என்றதும் நம் மனம் மலைகளையே நாடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடப்போரோ, வெண்ணிற உப்புக் குவியல்களை ஒரு நொடி வியந்துவிட்டு விரைகின்றனர்.

சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர். அலைகள் கொணர்ந்த நறுமண மரங்களை, உறங்கும் ஒட்டகங்களுக்கு ஒப்பிடுகிறார் நத்தத்தனார். நெய்தற்கரைப் புலவர் ஒட்டகத்தை எங்கே கண்டாரோ! பிற்காலச் சோழர் கல்வெட்டுகளைத் தாங்கிப் பூமீசுவரர் கோயில் இன்றும் நிற்கிறது. பக்கிங்காம் கால்வாயில் படகுகள் சென்னை நோக்கிச் சென்ற காலம் மறைந்தது.

உப்பளம் மட்டும் ஓயவில்லை. கோடையில் பாத்திகளில் இறங்கி உப்பு வாருவோரின் பாதங்களை உவர்நீர் அரிக்கிறது. ஐப்பசி மழையில் அருகிலுள்ள கழுவெளி நிறைய, 2021இல் சரணாலயமான அந்நீர்ப்பரப்பில் பறவைகள் வந்திறங்கும். அளத்தில் வேலை நின்றுவிடும். அம்மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவியை அரசு தொடங்கியது 2022இல்தான். வெள்ளம் தேங்கிய பாத்திகளில் அப்போது மனித ஓசையே இராது.