பண்முறை முதல் தேடுபெட்டி வரை: தமிழ்ப் பாடல் தேடலும் கேட்போர் மனநிலையும்

பாடலைத் தேடும் மனநிலை இருவகைப்படும். இன்ன பாடல்தான் வேண்டும் என்று தேடுவது ஒன்று. வேளைக்கு ஏற்ற ஏதேனும் கிடைத்தால் போதும் என்று தேடுவது மற்றொன்று. ஒருவரே காலையில் முதல்வகையினராகவும் மாலையில் இரண்டாம்வகையினராகவும் இருத்தல் கூடும். ஸ்பாட்டிஃபை நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்று, இவற்றைக் குவிந்த மனநிலை, குவியா மனநிலை எனப் பிரித்து ஆராய்ந்தது. இப்பாகுபாடு இணையம் தந்த புதுமை போலத் தோன்றினும், தமிழ்ப் பாடல்கள் அடைவு செய்யப்பட்ட வரலாற்றில் அதன் தடங்கள் பழமையானவை.

தேவாரம் பண்முறை, தலமுறை என இருவகை அடைவில் வழங்கி வந்துள்ளது. சம்பந்தரின் முதல் மூன்று திருமுறைகளும் சுந்தரரின் ஏழாம் திருமுறையும் பண் அடைவில் அமைந்தவை. பண்ணறிந்து பாடும் ஓதுவாருக்கு அது பொருந்தும். தலயாத்திரை செல்லும் அடியவருக்கோ ஊர்ப்பெயரே திறவுகோல், அவருக்காகவே தலமுறை. முழுவதையும் ஓத இயலாதோர்க்கு அகத்தியர் தேவாரத் திரட்டு 25 பதிகங்களை எட்டுப் பொருட்பிரிவுகளில் தேர்ந்து தந்தது. பாடல் ஒன்றே, நாடி வருபவரின் மனம் எதைப் பற்றிக்கொண்டு வருகிறதோ, அதற்கேற்ப வாயில் மாறுகிறது.

அச்சுக் காலத்தின் குஜிலி நூல்கள் வேறொரு வாயிலைத் திறந்தன. பாடலின் தலைப்பில் ‘வர்ணமெட்டு’ எனக் குறித்து, மக்கள் முன்பே அறிந்த வேறொரு பாடலின் பெயரைத் தந்தன. இசைக்குறியீடு அறியாதவரும் அக்குறிப்பைக் கொண்டு புதிய பாடலைப் பாட முடிந்தது. 2020இல் கூகுள் அறிமுகப்படுத்திய, மெட்டை முணுமுணுத்துப் பாடலைக் கண்டறியும் வசதியும், சொல்லை விட்டு மெட்டைத் திறவுகோலாகக் கொள்வதில் இதனோடு உறவுடையது.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிய 1931ஆம் ஆண்டிலேயே, முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அதன்பின் பாடகர், இராகம், தாளம் என்று இசைத்தட்டுச் சீட்டில் நின்ற அடையாளங்களைத் திரைப்படப் பெயர் மெல்லப் பின்னுக்குத் தள்ளியது. திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகம் இம்மாற்றத்தை வீடுவரை கொண்டு சென்றது.

1952க்குப் பின், அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரையிசையைக் குறைத்தபோது, நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் தொடங்கிய விவித பாரதி அவர்களை மீட்கும் முயற்சியே. நேயர் விருப்ப நிகழ்ச்சிக்கு அஞ்சலட்டை எழுதியவர் குவிந்த மனநிலையினர். வானொலியைத் திறந்து வைத்து வேலை பார்த்தவர் குவியா மனநிலையினர். எனினும் ஒரே அலைவரிசை இருவரையும் பிணைத்தது: ஒருவரின் விருப்பம் மற்றவருக்கு எதிர்பாரா வரவாயிற்று. தனித்தனிச் செவிப்பொறிகளின் காலம் இழந்தது இப்பிணைப்பையே எனலாம். ஒலிநாடாக் காலத்தில் பதிவுக் கடைக்குத் தாளில் எழுதிக் கொடுத்த பட்டியல் முதல்வகைத் தேடல். ‘சோகப் பாடல்கள்’, ‘தத்துவப் பாடல்கள்’ எனக் கடையில் கிடைத்த தொகுப்புகள் இரண்டாம்வகைக்கு உரியவை.

இன்று வண்டலூரில் மின்தொடர்வண்டி ஏறிக் கடற்கரை நிலையம் வரை செல்பவருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கிடைக்கிறது. நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பற்றி நிற்பவர் பாடலின் முதலடியைத் தட்டச்சிடுவதைவிட, ஆயத்தப் பட்டியலைத் தொடுவதே எளிது. மனநிலையை மனம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிற்கும் இடமும் தீர்மானிக்கிறது. தட்டச்சிடுவோருக்கும் இடர் உண்டு. உரோமன் எழுத்தில் ழகரத்தை ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறாகவும் எழுதுவர். குறில் நெடில் வேறுபாடு மறையும். பொறி ஊகித்துத் தருவதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கின்றனர். அடிக்கடி தேடப்படும் பாடலே ஊகத்தில் முந்துகிறது.

இதனால் இழப்புக்கு உள்ளாவன திரைப்படப் பெயர் என்னும் திறவுகோல் இல்லாத பாடல்கள்: நாடக மேடைப் பாடல்கள், நாட்டார் பாடல்கள், திரைக்கு முற்பட்ட இசைத்தட்டுகள். பாடலாசிரியர் பெயரைக் கொண்டு தேடுவோர் நிலையும் இதற்கு அண்மையதே. கலைஞர் என்னும் இடத்தில் இசையமைப்பாளரும் பாடகருமே பெரிதும் முன்நிற்கின்றனர். பழைய இசைத்தட்டின் வட்டச்சீட்டில் அச்சாகியிருந்த இராகப் பெயர் பதிவேற்றத்தில் விடுபடுமாயின், இராகத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கும் முதியவர் தேடுபெட்டியில் அப்பாடலை அடைய வழியில்லை.