டைனமோ றேடியோ (1990 – 2002)

1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டதோடு இலங்கையின் வடக்கில் மின்சாரம் நின்றது. பின்னால் வந்த அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து, பசளை என்று நீண்ட பட்டியலில் ரோச் லைற்றுக்குப் போடுகிற பற்றறியும் ஏறியது. சைக்கிள் டைனமோவில் பாடுகிற றேடியோ அந்தத் தடைக்குப் பிறந்த பிள்ளை. ஒருவர் கண்டுபிடித்து ஊருக்குக் கொடுத்ததென்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒரே காலத்தில் பல முற்றங்களில் முளைத்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் குடாநாட்டுச் சனம் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவற்றில் அதுவும் இருந்தது. பிறகு வன்னியில் நிறைவாழ்வு. 2002 தொடக்கத்தில் தடை நீங்கி, சித்திரையில் ஏ9 பாதை திறந்து, கடைகளில் பற்றறி குவிந்த அந்த வருடமே அது போய்ச் சேர்ந்தது. அப்போது அதற்கென்று யாரும் இரங்கல் எழுதவில்லை. பிந்தினாலும் பரவாயில்லை, முள்ளியவளையிலிருந்து நான் எழுதுகிறேன்.

புதுக் கருவிகள் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பித்து. போன் வாங்கினாலும் புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினாலும் பெட்டியைத் திறந்ததும் அடிப்பக்கத்தைத் திருப்பி, எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்றுதான் முதலில் வாசிப்பேன். லித்தியம் பற்றறியையும் எல்இடி விளக்கையும் மனதாரக் கொண்டாடுகிறவன் நான். அந்தப் பித்தோடுதான் சொல்கிறேன்: என் கைக்கு வந்த கருவிகளில் ஆகச் சிறந்தது டைனமோ றேடியோ. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகத்தை இறக்கி, “ஓம், என்ன கஷ்டகாலம்” என்கிறார்கள். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், ஜாம் போத்தல் விளக்கு, டைனமோ றேடியோ எல்லாம் எங்கள் நினைவுக் கட்டுரைகளில் துன்பத்தின் சாட்சிகளாக வந்து நிற்கின்றன. துன்பம் உண்மை. ஆனால் அந்த றேடியோவைத் துன்பத்தோடு நிறுத்திவிட்டால், அதைச் செய்தவர்களுக்குச் சேரவேண்டிய மரியாதை சேராது. அது யோசித்துச் செய்த பொருள். அதற்குத் திருத்தங்கள் இருந்தன, குறைகள் இருந்தன, அந்தக் குறைகளைப் பற்றி ஒழுங்கையில் நின்று வாக்குவாதப்பட்டவர்கள் இருந்தார்கள்.

சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட் பொருள். உள்ளே சுழல்வது நிலைக்காந்தம், அதைச் சுற்றி அசையாமல் இருப்பது கம்பிச்சுருள். தலையிலுள்ள சின்ன உருளை ரயரின் பக்கத்தில் உரசிச் சுழலும். அடியிலிருந்து ஒரு வயர் வரும்; மற்ற முனை டைனமோவின் உடம்புதான், சைக்கிளின் இரும்புச் சட்டமே அதற்கு வயர். நாலு பற்றறி போடுகிற றேடியோவுக்கும் 6 வோல்ட்தான் தேவை. பிறகென்ன, இரண்டையும் தொடுக்க வேண்டியதுதானே என்று தொடுத்தவர்கள் முதலில் கேட்டது பாட்டையல்ல, உறுமலை. டைனமோ தருவது ஆடலோட்டம், பற்றறி தருவது நேரோட்டம். சில்லின் வேகம் கூடக்கூட அந்த உறுமலின் சுருதியும் ஏறும். பாடசாலையில் கரும்பலகையில் அலையலையாக வரைந்து காட்டிய ஆடலோட்டத்தை வன்னிப் பிள்ளைகள் காதால் கேட்டுப் படித்தார்கள்.

திருத்தம் அங்கே தொடங்கியது. ஒரு டயோட் போட்டால் அலையின் ஒரு பாதி மட்டும் போகும். உறுமல் குறையும், நிற்காது. நாலு டயோட்டைப் பாலமாகக் கட்டினால் இரண்டு பாதியும் ஒரே திசையில் வரும். அதற்குப் பிறகு ஒரு பெரிய கொண்டென்சர் போட்டால் மேடுபள்ளம் நிரம்பி, குரல் தெளியும். டயோட்டும் கொண்டென்சரும் எங்கிருந்து வந்தன? கரண்ட் நின்றதோடு வீட்டு மூலைகளில் செத்துக் கிடந்த அடாப்ரர்களிலிருந்தும், பழுதாய்ப்போன கசெற் றெக்கோடர்களிலிருந்தும், ரீவிகளிலிருந்தும். மின்சாரம் போனபோது வேலை இழந்த சாமான்களின் உறுப்புகளை எடுத்து, மின்சாரம் இல்லாமல் வாழ்கிற ஒரு புதுச் சாமானைச் செய்தார்கள். கையில் இருக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்த ஒரு தலைமுறை இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

டைனமோவுக்கு எதிராளியாக இன்னொரு வழியும் இருந்தது. செத்த பற்றறியை வெயிலில் காயவைப்பது, ஆணியால் துளையிட்டு உப்புத்தண்ணி விடுவது, தேய்ந்த பற்றறிகளைக் கடதாசிக் குழலுக்குள் நீளமாக அடுக்கி ஒன்றின் பலவீனத்தை இன்னொன்றால் ஈடுகட்டுவது. அதுவும் மூளைதான். ஆனாலும் சாகப்போகிற ஒன்றை இழுத்துப் பிடிக்கிற வேலை அது. ஒரு கிழமை ஓடினால் பெரிய காரியம். டைனமோவோ கால் உள்ளவரை ஓடும். எங்கள் ஐயா உப்புத்தண்ணிக் கட்சி, அண்ணா டைனமோக் கட்சி. நான் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

வன்னி முற்றத்தில் அது நின்ற கோலத்தைச் சொல்லவேண்டும். சைக்கிளைப் பெரிய ஸ்ராண்டில் ஏற்றினால் பின்சில்லு நிலத்தைத் தொடாது. டைனமோ முன்சில்லில் பூட்டியிருந்தால் பின்னுக்கு மாற்றிப் பூட்டுவார்கள், பெடல் சுழற்றுவது பின்சில்லைத்தானே. பக்கத்தில் ஒரு கதிரையில் றேடியோ. ஏறியிருந்து மிதிக்கலாம், பக்கத்தில் குந்தியிருந்து கையாலும் சுற்றலாம். சின்ன றேடியோ ஒரு வாட்கூடத் தின்னாது, ஆகவே பத்து வயதுப் பிள்ளைக்கும் அது பாரமில்லை. கசெற் போட்டால்தான் கால் நோகும், உள்ளே மோட்டரும் சுழல வேண்டுமே. மிதி தளர்ந்தால் எஸ்.பி.பி.யின் குரல் இழுபட்டுக் கிணற்றுக்குள் இறங்கும். முற்றத்திலிருக்கிற எல்லாரும் ஒரே குரலில் “மிதி, மிதி” என்பார்கள். கிரிக்கெட் வர்ணனை நாளில் முறை வைத்து மிதிக்க வேண்டும்.

குறைகளை மறைக்கமாட்டேன். உருளை ரயரைத் தின்னும், ரயரும் தட்டுப்பாடான காலம் அது. மழையில் உருளை வழுக்கும். சிற்றலையில் இரைச்சல் சேரும். சேமித்து வைக்க எதுவும் இல்லை. கொண்டென்சர் கண்ணிமைக்கும் நேரம் தாங்கும், அவ்வளவுதான். மிதிப்பவர் தும்மினால் செய்தியில் ஒரு சொல் போய்விடும். அந்தச் சொல் ஓர் ஊரின் பெயராக இருந்துவிட்டால், எந்த ஊர் என்று இரவு முழுக்கக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். 1996 க்கும் 1999 க்கும் இடையில் வன்னியில் ஊர்ப்பெயர் என்றால் சண்டை எங்கே வந்து நிற்கிறது என்று அர்த்தம். நாளைக்குச் சாமான் கட்டுவதா, இருப்பதா என்று அர்த்தம்.

கேட்டவை என்னவென்றால், 1990 நவம்பரில் தொடங்கிய புலிகளின் குரல், கொழும்பு வானொலி, கடல் தாண்டி வந்த திருச்சி, மணிலாவிலிருந்து வேரித்தாஸ், எல்லாவற்றுக்கும் மேலாக லண்டன் பிபிசியின் தமிழோசை. தமிழோசையில் ஒரு செய்தி வந்தால்தான் நம்புவோம் என்றிருந்த வீடுகள் ஏராளம். இரவு 9.15 க்கு அது தொடங்கும். இந்த 9.15 க்கு ஒரு கதை உண்டு. 1996 இல் நாட்டில் மின்சாரப் பற்றாக்குறை வந்தபோது, மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அரசாங்கம் மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, பிறகு அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. மிச்சம்பிடிக்க மின்சாரமே இல்லாத வன்னி பழைய நேரத்திலேயே இருந்துவிட்டது. கொழும்பு வானொலி ஒரு நேரம் சொல்லும், எங்கள் சுவர் மணிக்கூடு இன்னொரு நேரம் காட்டும். 2006 இல் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை பத்து வருடம் அப்படித்தான். எங்களுக்குத் தமிழோசை எப்போதும் 9.15 தான். அதற்குக் கொஞ்சம் முன்னமே அயல்வீடுகளில் ரயரில் உருளை உரசுகிற சத்தம் ஒவ்வொன்றாக எழும்பும்.

அதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்ததையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் ரெவர் பெய்லிஸ் என்பவர், ஆபிரிக்காவில் எயிட்ஸ் பற்றிய செய்தி மக்களைப் போய்ச்சேர முடியாதிருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, முறுக்கிவிட்டால் பாடுகிற றேடியோ ஒன்றைச் செய்தார். அவருடைய மாதிரி இரண்டு நிமிடம் முறுக்கினால் 14 நிமிடம் பாடியது. தொண்ணூறுகளின் நடுவில் கேப் ரவுனில் ஒரு தொழிற்சாலை அதை உற்பத்தி செய்தது, உலகப் பத்திரிகைகள் எழுதின, விருதுகள் கிடைத்தன. 2018 இல் அவர் இறந்தபோது பெரிய இரங்கல்கள் வந்தன. அவருக்கு அது தகும். சுருள்வில்லில் சக்தியைச் சேமித்தது எங்களுடையதில் இல்லாத நல்ல யோசனை. ஆனால் அதே வருடங்களில் முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் புதுக்குடியிருப்பிலும், தொழிற்சாலை இல்லாமல், முதலீடு இல்லாமல், ஒரு டயோட்கூட விலைக்கு வாங்க முடியாமல், அதே சிக்கலுக்கு அதே அளவு நல்ல விடையைக் கண்டவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முன் எங்கள் காட்டா விநாயகர் கோவிலில் கடல்நீரை ஊற்றி விளக்கெரிப்பார்கள். ஊர் அதை அம்மனின் அற்புதமாக வணங்குகிறது, நானும் வணங்குகிறேன். அந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் இல்லாத எண்ணெயை நினைத்து உட்கார்ந்திராமல் இருக்கிற சைக்கிளைப் பார்த்தது எனக்குப் பெரிய வியப்பாகத் தெரியவில்லை.

அதன் சாவு சத்தமில்லாமல் நடந்தது. 2002 இல் பற்றறி வந்தது, சோலர் வந்தது, ஜெனரேற்றர் வந்தது. டைனமோ மறுபடி லைற் எரிக்கப் போனது. பாலமாகக் கட்டிய நாலு டயோட்டும் மேசை லாச்சிக்குள் போயின. 2006 இல் யுத்தமும் தட்டுப்பாடும் திரும்பின, ஆனால் டைனமோ றேடியோ பழையபடி எழும்பவில்லை. 2008 டிசம்பர் கடைசியில் இராணுவம் முள்ளியவளையைப் பிடித்தபோது சனம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. சைக்கிள்கள் முள்ளிவாய்க்கால் வரை போயின, அங்கே கைவிடப்பட்டன. யுத்தம் முடிந்து வருடக்கணக்காக அந்தப் பக்கம் துருப்பிடித்த சைக்கிள் குவியல்கள் கிடந்ததைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சைக்கிள்களோடு போய்த் திரும்பி வராதவர்களில் அந்த றேடியோவைச் செய்தவர்களும் இருந்தார்கள்.

2010 இல் சனம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது நொக்கியா நிறுவனம் ஒரு புதுப்பொருளை அறிவித்தது: சைக்கிள் டைனமோவில் போனை சார்ஜ் செய்கிற கருவி. மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்திலேயே சார்ஜ் ஏறத் தொடங்கும் என்றார்கள். செய்தியைப் பார்த்து நான் துள்ளினேன். அப்போதைய பொத்தான் போனுக்கு அது அருமையாகப் பொருந்தும். இன்றைய போனுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5000 மில்லியம்பியர் மணித்தியாலப் பற்றறி என்றால் கிட்டத்தட்ட 19 வாட் மணித்தியாலம். டைனமோ தன் 3 வாட்டை ஒரு துளி சிந்தாமல் கொடுத்தாலும் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் மிதிக்கவேண்டும். போன் செய்கிற வேலைக்கு அது நியாயமான விலைதான். ஆனால் செய்தி கேட்பது என்ற ஒரே வேலைக்கு, அதுவும் ஊருக்கு இருட்டு வந்த நாளில், அந்த விலை அநியாயம்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. சைக்கிளின் விலை ஏறியது. சைக்கிள் திரும்பி வந்தது. டைனமோ வரவில்லை, புதுச் சைக்கிள்களில் அதைப் பெரும்பாலும் பூட்டுவதில்லை. தமிழோசையின் சிற்றலையும் 2017 ஏப்ரல் 30 உடன் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெடியன் கையில் செத்த போனோடு நின்றான். அதன் முதுகைத் திறந்து பார்க்க அவனுக்கு வழியில்லை, ஒட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பெப்ரவரி முதல் கருவிகளின் பற்றறியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்திருக்கிறது. நல்ல சட்டம். திறக்கக்கூடியதாக இருப்பது ஒரு கருவியின் தரத்தில் சேர்ந்தது என்று நான் எப்போதும் சொல்லிவருகிறேன். அதை எனக்குக் கற்பித்தது கதிரையில் வைத்த ஒரு றேடியோ.

செய்தவர்களில் பலர் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்டு, அவர்கள் கட்டிய விதத்தைப் படம் வரைந்து வைக்கவேண்டும். எங்கள் ஊர் வித்தியானந்தாக் கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஒன்று வேலை செய்கிற நிலையில் நிற்கவேண்டும், கண்ணாடிப் பெட்டிக்குள் வேண்டாம், பிள்ளைகள் மிதிக்கவேண்டும். கட்டப்போகிறவர்களுக்கு அண்ணா சொல்லித்தந்த ஒரு நுணுக்கம்: சைக்கிளின் முன் லைற்றைக் கழற்றாதீர்கள். றேடியோ இழுப்பது கொஞ்ச மின்தான், பாரம் இல்லாமல் டைனமோ வேகமெடுத்தால் வோல்ட் 6 ஐத் தாண்டி எங்கேயோ போய் றேடியோவைச் சுட்டுவிடும். லைற் எரிந்துகொண்டிருந்தால் மிச்சத்தை அது தின்னும், றேடியோ தப்பும். கொண்டென்சரை 25 வோல்ட்டுக்குக் குறையாமல் எடுங்கள், கூட்டல் கழித்தல் பார்த்துப் பூட்டுங்கள்.