ஹம் லோக்: கடிதங்கள் மாற்றி எழுதிய தொடர்

ஒரு டிவி தொடர் பிடிக்கவில்லை என்றால் இன்று என்ன செய்வார்கள்? ரிமோட்டை எடுத்து சேனலை மாற்றுவார்கள். 1984-ல் இந்தியாவின் பெரும்பாலான ஊர்களில் அதற்கு வழியே இல்லை. இருந்தது ஒரே சேனல், தூர்தர்ஷன். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று செய்யலாம்... கடிதம் எழுதிப் போடலாம். அப்படி வந்து குவிந்த கடிதங்கள் இந்தியாவின் முதல் நெடுந்தொடரான 'ஹம் லோக்'கின் போக்கையே மாற்றின.

மெக்சிகோவிலிருந்து வந்த யோசனை

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னைக்கு வந்தது 1975-ல். 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பும், நாடு முழுவதற்குமான தேசிய ஒளிபரப்பும் வந்தன. எல்லாம் வந்தது, மக்கள் ஆவலோடு காத்திருந்து பார்க்கிற மாதிரி நிகழ்ச்சிகள்தான் குறைவு. சினிமாவும் சினிமாப் பாட்டும் இல்லாவிட்டால் பலர் டிவியைப் போடவே மாட்டார்கள்.

தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த வசந்த் சாத்தே 1982-ல் மெக்சிகோ போனார். அங்கே மிகுவேல் சாபிதோ என்பவர் ஒரு புது முறையைக் கையாண்டு வந்தார். அறிவுரையை நேரடியாகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். காதல், சண்டை, கண்ணீர் எல்லாம் உள்ள குடும்பத் தொடருக்குள் வைத்துக் கொடுத்தால் கேட்பார்கள். இதுதான் அவர் முறை. குடும்பக் கட்டுப்பாட்டை வலியுறுத்தி 1977-ல் அவர் எடுத்த தொடர் அங்கே பெரிய வெற்றி.

சாபிதோவுக்கே இந்த யோசனை வந்தது பெரு நாட்டில் 1969-ல் தொடங்கிய ஒரு தொடரிலிருந்துதான். 'சிம்ப்லெமெந்தே மரியா' என்று பெயர். வீட்டு வேலை செய்யும் மரியா, சிங்கர் தையல் மிஷினில் தைத்துத் தைத்தே வாழ்க்கையில் முன்னுக்கு வருகிறாள். தொடர் ஓடிய நாடுகளில் சிங்கர் மிஷின் விற்பனை ஏறியது! ஒரு கதையால் தையல் மிஷினை விற்க முடியும் என்றால் ஒரு நல்ல கருத்தை விற்க முடியாதா?

அறிவுரை எடுபடவில்லை

1984 ஜூலை 7 அன்று 'ஹம் லோக்' தொடங்கியது. தமிழில் சொன்னால் 'நாம்'. எழுதியவர் இந்தி எழுத்தாளர் மனோகர் ஷ்யாம் ஜோஷி, இயக்கியவர் பி. குமார் வாசுதேவ். கீழ் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கதை. குடிகார அப்பா பசேசர் ராம், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் அம்மா பகவந்தி, தாத்தா, பாட்டி, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். மகள்களை வீட்டில் கூப்பிடுவது பட்கி, மஞ்லி, சுட்கி என்று. அதாவது பெரியவள், நடுவுள்ளவள், சின்னவள். எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய பெயர்கள்!

அரசாங்கம் சொல்ல விரும்பிய முதல் விஷயம் குடும்பக் கட்டுப்பாடு. முதல் பதின்மூன்று எபிசோடுகளில் அதை அழுத்தமாகவே சொன்னார்கள். மக்களுக்குப் பிடிக்கவில்லை. 'உபதேசம் அதிகம், கதையைக் காணோம்' என்பதுதான் குறை. சாதாரணமாக அரசாங்க நிறுவனம் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாது. ஆனால் இங்கே கதை மாற்றப்பட்டது. குடும்பக் கட்டுப்பாடு பின்னுக்குப் போனது. பெண்களின் நிலை, குடிப்பழக்கம், வரதட்சணை போன்றவை கதையோடு கதையாக வந்தன. எந்தக் கருத்துக்காகத் தொடர் தொடங்கப்பட்டதோ அதையே பார்வையாளர்கள் ஓரம் கட்டிவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

நான்கு லட்சம் கடிதங்கள்

ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பேசுவார். அன்றைய கதையில் யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று கேட்பார். பார்வையாளர்களின் கடிதங்களைப் பற்றியும் பேசுவார். பெரிய நட்சத்திரம் ஒருவர் வீட்டுக்குள் வந்து 'உங்கள் அபிப்பிராயம் என்ன?' என்று கேட்டால் யார்தான் எழுத மாட்டார்கள்?

எழுதித் தள்ளினார்கள். தொடர் ஓடிய பதினேழு மாதங்களில் தூர்தர்ஷனுக்கும் நடிகர்களுக்கும் சுமார் 4 லட்சம் கடிதங்கள் வந்தன என்பது இந்தத் தொடரை ஆராய்ந்த அர்விந்த் சிங்கல், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோரின் கணக்கு. பட்கி தனக்குப் பிடித்தவரையே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று இளம் பெண்கள் அவளுக்கே எழுதினார்கள். அவள் கல்யாணம் ஒளிபரப்பான நாளில் வட இந்தியாவில் பல இடங்களில் கடைகளைச் சீக்கிரமே அடைத்துவிட்டார்கள். சுஷ்மா சேத் நடித்த பாட்டி பாத்திரம் புற்றுநோயில் இறப்பதாக இருந்தது. மக்களின் விருப்பத்தால் அந்த மரணம் தள்ளிப்போனது. காதல் கல்யாணத்துக்குத் தங்கள் அப்பா அம்மாவைச் சம்மதிக்க வைக்கும்படி அசோக் குமாருக்கே எழுதியவர்களும் உண்டு!

இதில் ஒரு வணிகக் கதையும் இருக்கிறது. தொடருக்கு ஸ்பான்சர் செய்தது ஃபுட் ஸ்பெஷாலிட்டீஸ் என்ற நெஸ்லே குழும நிறுவனம். விளம்பரப்படுத்தியது அப்போதுதான் இந்தியாவுக்கு வந்திருந்த மேகி நூடுல்ஸை. தொடரோடு சேர்ந்து மேகியும் வீடு வீடாகப் போனது. குடும்பக் கட்டுப்பாடு விற்கவில்லை, நூடுல்ஸ் விற்றது! இதைப் பார்த்த மற்ற நிறுவனங்களும் ஸ்பான்சர் செய்ய முன்வந்தன. தூர்தர்ஷனில் வரிசையாகத் தொடர்கள் வரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

எல்லாக் கடிதமும் எதிர்பார்த்த கடிதமா?

இல்லை. அம்மா பகவந்தியை உருவாக்கியதே 'இப்படி அடங்கிப் போனால் இப்படித்தான் கஷ்டப்பட வேண்டும்' என்று காட்டத்தான். ஆனால் பார்வையாளர்களில் ஒரு பகுதியினர், பெண்கள் உட்பட, அவளைத்தான் உத்தமமான மனைவி என்று பாராட்டினார்கள். இன்றைய பெண்களும் அவளைப் போல இருக்க வேண்டும் என்று எழுதியவர்களும் உண்டு. எழுதியவர் ஒன்று நினைக்க, பார்த்தவர் வேறொன்று எடுத்துக்கொண்டார். மக்கள் கருத்து என்றாலே முற்போக்காகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1985 டிசம்பர் 17 அன்று ஹம் லோக் முடிந்தது. பார்வையாளர்களின் குரல் முடியவில்லை. சென்னைத் தொலைக்காட்சியில் நேயர் கடிதங்களுக்காகவே 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. 1988-ல் 'ராமாயணம்' தொடர் உத்தர காண்டம் இல்லாமல் முடிந்தபோது, வால்மீகியைத் தங்கள் குலமுதல்வராகக் கருதும் வட இந்தியத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அந்தப் பகுதியும் பின்னர் தொடராக வந்தது. 'சுரபி' நிகழ்ச்சிக்கு 1993-ல் ஒரே வாரத்தில் 14 லட்சத்துக்கும் மேல் கடிதங்கள்! 15 காசு கார்டுகளைச் சுமந்து களைத்துப்போன தபால் துறை, போட்டிகளுக்கென்றே 2 ரூபாயில் தனி கார்டு வெளியிட்டது.

பிறகு தனியார் சேனல்கள் பெருகின. கடிதங்களின் இடத்துக்கு மீட்டர் வந்தது. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் கருவியைப் பொருத்தி, எந்த சேனல் எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கெடுக்கும் டி.ஆர்.பி. முறை. 1998-ல் டாம் நிறுவனம், 2015 முதல் பார்க் அமைப்பு என்று கணக்கெடுப்பவர்கள் மாறினார்கள். விளம்பரம் கொடுக்கிற கம்பெனிக்கு இது வசதி. போட்ட பணத்துக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு வீட்டில் யார் எந்த சேனலைப் பார்த்தார்கள் என்று மட்டும்தான் மீட்டருக்குத் தெரியும். பார்த்தவர் ரசித்துப் பார்த்தாரா, திட்டிக்கொண்டே பார்த்தாரா என்று தெரியாது. 'பாட்டியைச் சாகவிடாதீர்கள்' என்று மீட்டரால் சொல்ல முடியாது. 1984-ல் அதைச் சொல்ல ஒரு கார்டு போதும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு இன்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. என்ன நினைத்தார்கள் என்று கேட்கத்தான் ஒரு அசோக் குமார் இல்லை!