ஸ்னூக்கரும் பிரேக் கணக்கும்

1875இல் ஜபல்பூர்ப் படைமுகாமில் நெவில் சேம்பர்லின் என்னும் ஆங்கில அதிகாரி தொடங்கிய ஸ்னூக்கர் ஆட்டம், 1882இல் விதிமுறைகள் பெற்றது தமிழகத்தின் உதகமண்டல மன்றத்திலேயாம். பந்துகளைத் தவறாது தொடர்ந்து குழியில் வீழ்த்தி ஒருவர் ஒரே முறையில் ஈட்டும் புள்ளித்தொகையே ‘பிரேக்’. பதினைந்து சிவப்புப் பந்துகளையும், ஒவ்வொன்றையும் அடுத்துக் கறுப்பையும் வீழ்த்தின் 120, எஞ்சிய ஆறு வண்ணப் பந்துகளுக்கு 27, ஆக 147. இதனை 1955இல் ஜோ டேவிஸ் எட்டினார்.

பிரேக்கைக் கொண்டே ஆட்டக்காரரைத் தரவரிசைப்படுத்துவோர் உளர். அஃது எவ்வளவு பொருந்தும்? 1927இல் முடிந்த முதல் உலகப் போட்டியில் உயர்ந்த பிரேக் ஆல்பர்ட் கோப் எடுத்த 60. அதற்கு அவருக்குச் சான்றிதழும் கிடைத்தது. பட்டமோ, அரையிறுதியில் அவரை வென்ற டேவிசுக்கே! எதிரி நேரே அடிக்க இயலாதவாறு வெள்ளைப் பந்தை மறைத்து நிறுத்தும் திறனுக்கு ஆட்டத்தின் பெயரே வழங்குகிறது; பிரேக் பட்டியலிலோ அதற்கு இடமில்லை.