குவாசர்களின் வேதியியல்

குவாசர் என்பது தொலைதூர விண்மீன் மண்டலமொன்றின் நடுவில் உள்ள ராட்சதக் கருந்துளை, சுற்றியுள்ள வாயுவை இழுத்து விழுங்கும்போது எழும் பேரொளி. 1962-இல் நிலா 3சி 273 என்ற குவாசரை மறைத்த நேரத்தை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் அளந்து அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். மறு ஆண்டே வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் படித்துத் தொலைவைச் சொன்னார்.

இதே நிலா மறைப்பு உத்திக்காகவே கொங்கு மண்ணை ஒட்டிய நீலகிரியில், உதகை அருகே முத்தோரையில், வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-இல் ரேடியோ தொலைநோக்கி அமைத்தனர். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்ததால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வான்பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். நம் பொறியியலின் பெருமைக்குரிய சாதனை இது.

ரேடியோ அலை குவாசரின் இடத்தையும் அளவையும் காட்டும். ஆனால் அதன் வேதிக் கலவையை நிறமாலைக் கோடுகளே சொல்லும். பெருவெடிப்பில் பிறந்தவை பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தாம். இரும்பு விண்மீன்களுக்குள் வெந்து, அவை வெடிக்கையில் சிதறுவது. ஆகவே குவாசரில் இரும்பு தெரிந்தால், அதற்கு முன்பே விண்மீன்கள் பிறந்து மடிந்திருக்க வேண்டும். பெருவெடிப்புக்குச் சுமார் 70 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய குவாசர் ஒன்றில், மக்னீசியத்தோடு ஒப்பிட இரும்பின் விகிதம் சூரியனில் உள்ளதைப்போல் பத்து மடங்குக்கும் அதிகம் என்று 2022-இல் அறிவித்தார்கள். சூரியனைப்போல் 300 மடங்கு நிறையுள்ள முதல் தலைமுறை விண்மீன் வெடித்த தடயமாக அதை ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.