வெயிலில தெரியிற திரை

மத்தியான வெயிலில பண்ணைப் பாலத்தால வேலணைக்குச் சைக்கிளில வந்திருக்கிறீங்களா? இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க நிழல் இல்லை. போன மாதம் அங்க நிண்டு என்ர புதுப் போனை எடுத்தால், திரையில என்ர முகம்தான் தெரிஞ்சது. கூட வந்த மாமா தன்ர பழைய நொக்கியா 1100இல நேரத்தைப் பாத்திட்டுச் சிரிச்சார்.

அவர் சிரிச்சதில நியாயம் இருக்கு. 1970இல சுவிற்சர்லாந்தில மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிஷ் எண்ட இரண்டு பேர் உருவாக்கின திரவப் படிகத் திரையின்ர வழியில வந்தது அந்தப் போன். இரண்டு கண்ணாடிக்கு நடுவில திரவப் படிகம்; மின்னழுத்தம் குடுத்த இடம் கறுக்கும். அது தானாக ஒளி விடாது. வெளி வெளிச்சத்தைப் பின்னுக்குள்ள தகடு திருப்பி அனுப்பும். அதால வெயில் ஏற ஏற எழுத்துத் தெளியும். மின்சாரமும் மிகச் சொற்பம்தான் வேணும்.

இதன்ர அருமை 1990இல யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்ற பிறகுதான் எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்சது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ரேடியோ கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுத்தினார்கள். தீவில இருந்து இடம்பெயர்ந்து அங்க ஒரு கடையில கணக்கெழுதின மாமாவிட்ட சோலார் கல்குலேற்றர் ஒண்டு இருந்தது. வீட்டில வேலைசெய்த ஒரே திரை அதுதானாம். பகலில பிரச்சினை இல்லை. இரவில ஜாம்போத்தல் விளக்குக்குக் கிட்டப் பிடிச்சாலும் எண் மங்கிப்போகுமாம்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு கைத்தொலைபேசி பரவினது. 2003இல வந்த நொக்கியா 1100க்கு இருட்டில பார்க்கப் பின்னொளியும் இருந்தது. பிறகு வந்த வண்ணத் திரைகளுக்கு அந்தப் பின்னொளி எப்பவும் எரியவேணும். அதில பெரும்பங்கை வடிகட்டிகளே விழுங்கிவிடும்.

என்ர போனில இருக்கிறது ஓலெட். கொடாக் நிறுவனத்தில சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987இல வெளியிட்ட ஆய்வில இருந்து வளர்ந்தது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கறுப்பு எண்டால் அணைஞ்சு கிடக்கும். இரவில படம் பார்க்க இதுக்கு நிகர் இல்லை, அதை நான் விட்டுக்குடுக்க மாட்டன். ஆனால் வெயிலில அது சூரியனோட போட்டி போடவேணும். வெளிச்சத்தைக் கூட்டினால் போன் கொதிக்கும், சார்ஜ் இறங்கும். கிண்டிலில இருக்கிற மின்தாள் திரை பழையபடி தன்மேல விழுற வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புது. என்ன, வீடியோவுக்குச் சரிவராது.

பிந்தி வாறம் எண்டு அம்மாவுக்குச் சொல்ல, அண்டைக்கு மாமான்ர போனைத்தான் வாங்கினேன்.