இரவல் இசையும் சொந்த இசையும்

காணியை விலைக்கு வாங்கியவனிடம் உறுதி இருக்கும். குத்தகைக்கு எடுத்தவனிடம் தவணைதான் இருக்கும். இவ்வேற்றுமையை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உறுதிப் பெட்டியை உயிர்போலக் காத்தவர் எம் முன்னோர். ஆயினும் இசை என்று வரும்போது இவ்வேற்றுமையை நாம் மறந்துவிட்டோமோ என்ற ஐயம் எழுகின்றது. இன்று எம் வாலிபருட் பலர் மாதச் சந்தா செலுத்திக் கைத்தொலைபேசியில் கோடிக்கணக்கான பாடல்களைக் கேட்கின்றனர். சிலர் ஒவ்வொரு பாடலையும் விலைகொடுத்து வாங்கிச் சேர்க்கின்றனர். இவ்விரண்டனுள் எது தக்கது என்பதை ஆராயுமுன், இவ்வழக்கு எங்ஙனம் வந்தது என்பதைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்போம்.

இசையை ஒரு பண்டமாகக் கையில் வைத்திருக்கும் பேற்றினைத் தந்தது கிராமபோன் இசைத்தட்டு. 1902ஆம் ஆண்டு கெயிஸ்பேர்க் என்பார் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவுசெய்தார். அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே அடங்கும். மணிக்கணக்காக விரியும் இராகத்தை அதற்குள் அடக்குதல் கடலைச் செம்பில் மொள்வது போன்றதே. எனினும் அச்செம்பு நீர் வாங்கியவனுக்கே உரியது. அவன் விரும்பிய நேரத்திற் கேட்கலாம். அயலவனுக்கு இரவல் கொடுக்கலாம். மகனுக்கு விட்டுச் செல்லலாம்.

சந்தா முறையும் புதியதன்று. 1890இலேயே பாரிஸ் நகரில் தொலைபேசிக் கம்பி வழியாக நாடக மேடையின் இசையைச் சந்தாதாரருக்கு வழங்கினர். 1949இல் சிங்கப்பூரில் தொடங்கிய ரீடிஃப்யூஷன் என்னும் கம்பி வானொலி, மாதக் கட்டணம் பெற்று வீட்டுக்கு வீடு ஒலிப்பெட்டியை வைத்தது. 2012 வரை அது நிலைத்தது. இலங்கையில் 1925இல் வானொலி தொடங்கியபின், பெட்டி வைத்திருந்தோர் ஆண்டுக் கட்டணம் செலுத்தி அனுமதிப்பத்திரம் பெற்று வந்தமை மூத்தோர் அறிந்ததே. ஆகவே தட்டு உறுதிக் காணியாகவும், வானொலி குத்தகைக் காணியாகவும் நெடுங்காலம் அருகருகே இருந்தன.

நிற்க. 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் ஒலிநாடாப் பேழையை, அதாவது கசெற்றை, வெளியிட்டனர். எமது ஊர்களில் இசை உடைமை பரவியது இதனாலேயாம். பாட்டுக்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் அவற்றை நாடாவிற் பதித்துத் தருவார். அந்நாடாவுக்கு நாம் கொடுத்த காசிற் பாடியவருக்கு ஒரு சதமேனும் போனதில்லை என்பதையும் ஈண்டு மறைத்தலாகாது. எம்மிடம் பொருள் இருந்தது, உறுதி இருக்கவில்லை.

ஆயினும் அப்பேழைகளின் அருமையை 1990இன் பின்னர் வந்த பொருளாதாரத் தடைக் காலம் உணர்த்திற்று. மின்சாரம் இல்லை, பட்டரியும் தடைசெய்யப்பட்ட பண்டம். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்சாரத்தில் வானொலியையும் பாட்டையும் கேட்ட குடாநாடு இது. ஒருவர் மிதியைச் சுற்ற, மற்றையோர் சூழ இருந்து கேட்பர். சுற்றுவோர் களைத்தால் பாட்டும் களைத்து இழுபடும். இசை எங்கோ தூரதேசத்துக் களஞ்சியத்தில் இருந்து, வழி திறந்திருந்தால் மட்டுமே வருவதாயின், அந்நாட்களில் எம் வீடுகள் ஊமையாகவே இருந்திருக்கும்.

இனி இக்காலத்துக்கு வருவோம். 1995இல் எம்.பி.3 என்ற பெயர் பெற்ற சுருக்க முறையால், பாட்டு என்பது தட்டும் நாடாவும் இன்றி வெறும் கோப்பாயிற்று. 2003 ஏப்ரலில் அப்பிள் நிறுவனம் ஐரியூன்ஸ் கடையைத் திறந்து, பாட்டொன்றை 99 அமெரிக்க சதத்துக்கு விற்கத் தொடங்கிற்று. அதற்கு முன்னரே, 2001இல், ராப்சடி என்னும் சந்தாச் சேவை தோன்றியிருந்தது. 2008இல் சுவீடன் நாட்டில் ஸ்பொற்றிஃபை சேவை தொடங்கி, 2019இல் இந்தியாவுக்கும் 2021இல் இலங்கைக்கும் வந்தது.

விலைக்கு வாங்கினோர் யாவரும் உறுதி பெற்றனரோ எனின், அதுவும் இல்லை. தொடக்கத்தில் விற்ற கோப்புகள் பூட்டுடன் வந்தன. 2008இல் யாஹூ நிறுவனம் தன் இசைக் கடையை மூடியபோது, திறவுகோல் வழங்கும் கணினிகளும் நின்றன. புதிய கணினி வாங்கியவருக்குப் பழைய பாட்டு திறவாத பெட்டியாயிற்று. அப்பிள் நிறுவனம் 2009இல் இசைக்கான பூட்டை நீக்கியது. இந்தியாவில் ஃப்ளிப்கார்ட் நிறுவனம் 2012இல் தொடங்கிய ஃப்ளைட் என்னும் கடை, 2013 யூன் மாதத்தில் மூடப்பட்டது. ஆனால் அங்கு விற்றவை பூட்டில்லாக் கோப்புகள். ஆதலாற் கடை போனபோதும், இறக்கி வைத்தவனிடம் பாட்டுப் போகவில்லை. ‘வாங்குக’ என்று எழுதிவிட்டு உரிமம் மட்டும் கொடுப்போர் அதனை வெளிப்படையாகக் கூறவேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் சட்டம் செய்து, 2025 சனவரி முதல் நடைமுறைப்படுத்தியுள்ளமை இங்கு கருதத்தக்கது.

சந்தாவின் குறையும் கண்கூடானதே. 2019இல் ஸ்பொற்றிஃபை இந்தியாவுக்கு வந்த சில வாரங்களில், பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுக்களின் உரிமையுடைய சரிகம நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றம் சென்றது. அதன் பாட்டுக்கள் அச்சேவையிலிருந்து நீக்கப்பட்டன. 2020 யூனில் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அவற்றுக்கு மீண்டும் வழி பிறந்தது. வழக்குப் பெரியோர் இருவருக்கிடையே. பாட்டை இழந்தவர் மூன்றாம் ஆளாகிய சந்தாதாரர்.

கலைஞர் நிலை யாது? சந்தாவிற் பாட்டு எத்தனை தடவை கேட்கப்படுகின்றதோ, அதற்கேற்பவே பங்கு. ஸ்பொற்றிஃபை 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் தடவையேனும் கேட்கப்படாத பாட்டுக்குப் பணம் வழங்குவதில்லை. உலகப் புகழ் பெற்ற பாடகருக்கு இது பொருட்டன்று. கோவில் வீதியில் நாதசுவரம் வாசிக்கும் எம்மூர்க் கலைஞருக்கோ, ஐம்பது அன்பர் அவர் இசையை விலைக்கு வாங்கினாற் கிடைப்பது, அதே ஐம்பதின்மர் பலமுறை கேட்டாலும் சந்தாவாற் கிடையாது.

அவ்வாறாயின் சந்தா தீதோ? அன்று. பாட்டுக்குப் பாட்டு விலை கொடுக்க இயலாத மாணவன், தியாகையர் கீர்த்தனையொன்றைப் பத்து வித்துவான்கள் பாடியவாறு ஒரே மாலையிற் கேட்டு ஒப்புநோக்கலாம். முன்னாளில் இது செல்வர்க்கும் அரிது. மேலும், உடைமை ஒரே இடத்தில் இருப்பின் அழியும் என்பதை எம்மினும் அறிந்தவர் யார்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுத்தவை போக எஞ்சியவை வீட்டோடு நின்றன. கசெற் பெட்டியைச் சுமந்து வந்தவர் எத்தனை பேர் இருப்பர்? தூரத்துக் களஞ்சியம் இவ்வாறான அழிவுக்கு ஓர் அரண் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆதலால் எமது துணிபு இதுவாகும். கேட்டு அறிவதற்குச் சந்தா. காத்து வைப்பதற்கு உடைமை. பல்லாயிரம் பாட்டுக்களிலும் மேய்ந்து சுவை வளர்க்கக் குத்தகை நிலம் போதும். எம் பிள்ளைகள் கட்டாயம் கேட்கவேண்டும் என நாம் கருதுபவற்றையோ பூட்டில்லாக் கோப்பாக வாங்கி, இரண்டு பிரதிகளெடுத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்தல் வேண்டும்.

தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவரை நேரிற் காணாத தலைமுறையும் இன்று அவர் வாசிப்பைக் கேட்டு வியக்கின்றதெனில், பதிவுசெய்தோரும் அந்நாடாக்களைப் பேணி வைத்தோருமே அதற்குக் காரணர். அவர்களுக்கு எந்தச் சேவையும் அதனைக் காத்துக் கொடுக்கவில்லை. நெல்லியடி வாலிபர்களே! இவ்வாண்டு எம்மூர்த் திருவிழாவில் வாசிக்கும் கலைஞரிடம் அனுமதி பெற்று, உரிய சன்மானம் கொடுத்து, அவர் இசையைப் பதிவுசெய்யுங்கள். நாள், இடம், பெயர் மூன்றையும் உடன் எழுதி வையுங்கள். அதுவே நாம் அடுத்த தலைமுறைக்கு எழுதிக் கொடுக்கும் உறுதி.